பித்தளைக் கம்பி: ஒன்றைப் பற்றவைத்தால் பக்கத்துக் கம்பி சாய்கிறது, உதவி தேவை

குன்னூர்க் குட்டி ரயில்:
வணக்கம். நம்ம நீலகிரி மலை ரயில் பெட்டி ஒன்றின் மாதிரியை 1:22.5 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் தண்டவாள இடைவெளி, அந்த அளவில் 44.4 மி.மீ. வரும், 45 மி.மீ. தண்டவாளத்தில் உட்கார்ந்துவிடும், அதனால்தான் இந்த அளவு. மரவேலை முடிந்தது, சுமாராக வந்திருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பெட்டியின் முனையில் பிரேக்ஸ்மேன் நிற்பாரே, அந்தச் சின்னத் திண்ணையில். 0.8 மி.மீ. பித்தளைத் தகட்டில் 1 மி.மீ. கம்பியால் ஏழு கால் நட்டு, மேலே கைப்பிடிக் கம்பி ஓட்ட வேண்டும்.

முதல் கால் நிற்கிறது. இரண்டாவதும் நிற்கிறது. மூன்றாவதற்குச் சூடு வைத்ததும் இரண்டாவது சாய்கிறது, அதை நிமிர்த்தப் போனால் முதலாவது கழன்று விழுகிறது, நேற்று ராத்திரி பதினொன்றரை வரை இதே கதை. நின்றவற்றில் இரண்டு, காலையில் விரல் பட்டதும் பொட்டென்று வந்துவிட்டன. அடியில் ஈயம் உருண்டையாக நிற்கிறது, தகட்டில் ஒட்டவே இல்லை. போதாததற்கு எல்லாம் பச்சை பூத்திருக்கிறது.

சால்டரிங் அயர்ன் 25 வாட், ஊசி முனை. பற்றவைக்கிற ஈயம் 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்). ஃப்ளக்ஸுக்கு, அதாவது ஈயம் ஓடி ஒட்டுவதற்குத் தடவ, ரேடியேட்டர் பட்டறையில் வாங்கிய ஆசிட் தண்ணி. தகட்டைப் புளி போட்டுத் தேய்த்துத்தான் வைத்தேன்.

கோத்தகிரி ரேடியோ:
சூடு அதிகம் ப்ரோ, அதான் பக்கத்தில் இருப்பதெல்லாம் உருகுது. 15 வாட் அயர்ன் போட்டு மெதுவாகச் செய்து பாருங்கள்.

குன்னூர்க் குட்டி ரயில்:
நண்பரிடம் 15 வாட் வாங்கிப் பார்த்தேன். ஈயம் கூழ் மாதிரி ஆகிறதே தவிர ஓடவில்லை.

ஊட்டி பத்தர் கடை:
நகை செய்கிற ஆசாரியிடம் கொடுத்து வெண்காரம் போட்டு வெள்ளிப் பற்றாசில் ஒட்டிவிடுங்கள். ஜென்மத்துக்கும் விடாது.

அரவங்காடு ஃபிட்டர்:
விடாதுதான், ஆனால் வெள்ளிப் பற்றாசுக்கு 600 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். அந்தச் சூட்டில் கம்பி பதம் இழந்து மெழுகு மாதிரி ஆகிவிடும், அப்புறம் கைப்பிடியை யார் தொட்டாலும் வளையும். இந்த வேலைக்கு அது வேண்டாம்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். தகட்டை எதன்மேல் வைத்துப் பற்றவைக்கிறீர்கள்?

குன்னூர்க் குட்டி ரயில்:
அடுப்பு மேடை மேலதான் ஐயா. கடப்பாக் கல்.

அரவங்காடு ஃபிட்டர்:
அங்கேதான் போகிறது உங்கள் சூடெல்லாம். பித்தளை சூட்டைச் சட்டென்று கடத்தும், அடியில் குன்னூர்க் குளிரில் ஊறின கல் வேறு. நீங்கள் காட்டுகிற 25 வாட்டைக் கல் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஈயம் உருக நீங்கள் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கிறீர்கள், அந்த அரை நிமிடத்தில் தகடு முழுக்க ஈயம் இளகத் தொடங்கும் 183 டிகிரியை எட்டிப் பார்க்கிறது, பக்கத்துக் காலின் ஈயம் இளகுகிறது. சூடு அதிகம் என்று ரேடியோ தம்பி சொன்னது தலைகீழ். சூடு குறைவு, நேரம் அதிகம். சாயங்காலம் வோல்டேஜ் வேறு இறங்கும், 190க்கு வந்தால் உங்கள் 25 வாட் அயர்ன் 17 வாட்தான் தரும்.

80 அல்லது 100 வாட் அயர்ன், உளி மாதிரி தட்டை முனை. வைத்த மூன்று எண்ணிக்கைக்குள் ஈயம் பளிச்சென்று ஓட வேண்டும், உடனே எடுத்துவிட வேண்டும். சூடு பக்கத்துக் காலுக்குப் போய்ச் சேருவதற்குள் நம்ம வேலை முடிந்திருக்கும். அடியில் கல் வேண்டாம், மரப்பலகை வையுங்கள், நம்ம ஊரில் சில்வர் ஓக் துண்டுக்கா பஞ்சம். முடிந்த காலில் ஈரத் துணியைச் சுற்றிவிடுங்கள்.

காலைத் தகட்டின் மேல் நிறுத்தி ஒட்டாதீர்கள். 1 மி.மீ. துளை போட்டு உள்ளே விட்டு, அடியில் ஒரு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும், தகட்டைக் கவிழ்த்துப் பின்பக்கம் பற்றவைத்து அப்புறம் அரத்தால் ராவிவிடலாம். துளை பிடித்திருப்பதால் ஈயம் இளகினாலும் கால் விழாது. அதே இடைவெளியில் பலகையிலும் துளை போட்டுக் கால்களை அதில் சொருகினால் ஏழும் நேராக நிற்கும்.

புளி பளபளப்புக்கு நல்லது, ஆனால் ஒட்டுகிற இடத்தை எமரித் தாளால் தேய்த்து, அப்புறம் விரல் படாமல், அன்றைக்கே பற்றவையுங்கள். மறுநாளைக்கு வைத்தால் நம்ம ஊர்ப் பனியில் மறுபடி மங்கிவிடும். பச்சை என்பது களிம்பு. அந்த ஆசிட் தண்ணியில் குளோரைடு இருக்கிறது, கழுவாமல் விட்டால் தின்றுகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் ஆப்ப சோடா கரைத்த வெந்நீரில் பழைய பல் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்துங்கள்.

இன்னொன்று, அடுப்பு மேடையில் ஈய வேலை செய்யாதீர்கள், வீட்டில் சமைக்கிற இடம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் டீயைத் தொட வேண்டாம்.

கோத்தகிரி ரேடியோ:
சர்க்யூட் போர்டு பழக்கத்தில் சொல்லிவிட்டேன் ஐயா. அங்கே பெரிய அயர்ன் வைத்தால் போர்டே போய்விடும்.

குன்னூர்க் குட்டி ரயில்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். 100 வாட் அயர்ன் இரவல் கிடைத்தது. கல்லிலிருந்து பலகைக்கு மாறினதிலேயே பாதி வித்தியாசம் தெரிந்தது. ஏழு காலும் நின்றுவிட்டன, விரலால் சுண்டினால் டிங் என்கிறது. அம்மாவுக்கு மேடை திரும்பக் கிடைத்ததில்தான் அதிக சந்தோஷம்.

ஆனால் கைப்பிடிக் கம்பியின் இரண்டு முனையையும் ஒட்டிவிட்டு நடுவில் சூடு வைத்தால் அது மேலே எழும்புகிறது. ஏன்?

அரவங்காடு ஃபிட்டர்:
கம்பியில் முறுக்கம் இருக்கிறது. வளைத்த கம்பியைச் சும்மா வைத்துப் பாருங்கள், விரல் வைத்து அழுத்தாமலே ஏழு கால் மேலும் படிய வேண்டும். அழுத்திப் பிடித்து ஒட்டினால் ஈயம் இளகும்போதெல்லாம் நிமிரப் பார்க்கும். சிவப்பு கண்ணுக்குத் தெரிய அறை விளக்கை அணைத்துவிட்டு, வளைவு வருகிற இடத்தை மட்டும் மங்கலாகச் சிவக்கிற வரைக்கும் தீயில் காட்டி, ஆறவிட்டு வளையுங்கள். மீதிக் கம்பி விறைப்பாகவே இருக்கட்டும்.

பிரேக் சக்கரம் செய்யும்போதும் இதே முறுக்கம் வரும். பேனா மூடியில் சுற்றி எடுத்தால் வளையம் மூடியைவிடப் பெரிதாக விரியும், ஒரு சுற்றுச் சின்ன மூடியாகத் தேடிக்கொள்ளுங்கள்.

குன்னூர்க் குட்டி ரயில்:
சரிங்க ஐயா. இன்றைக்கு ராத்திரி கரண்ட் இருந்தால் பார்த்துவிடுகிறேன்.