தயாரிப்பு நின்றுபோன மாதிரி ராக்கெட்டுக்கு மூக்குக்கூம்பு: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளுக்கு முன்பே தயாரிப்பு நின்றுபோன ஒரு மாதிரி ராக்கெட்டைச் சீரமைத்து, மீண்டும் ஒரு முறையாவது பறக்கவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

அதன் உடற்குழாய், மாதிரி ராக்கெட்டுகள் தயாரிக்கும் எஸ்டஸ் நிறுவனத்தின் பிடி-60 அளவு, அதாவது வெளிவிட்டம் 41.6 மி.மீ., உள்விட்டம் 40.5 மி.மீ. இந்த அளவுக் குழாய் இன்றும் கிடைக்கிறது. துடுப்புகளைப் பழையவற்றின் மீது தாள் வைத்து வரைந்து, மர இழை முன்விளிம்புக்கு இணையாக ஓடும்படி பால்சா என்னும் இலேசான மரப்பலகையில் வெட்டிவிட்டேன். சிக்கல் ராக்கெட்டின் முன்முனையில் பொருந்தும் மூக்குக்கூம்பில்தான். பால்சா மரத்தில் கடைந்த அந்தக் கூம்பின் நுனி நசுங்கிவிட்டது. குழாய்க்குள் இறங்கும் தோள்பகுதியோ நீளவாக்கில் பிளந்து, விரல் பட்டாலே தூளாக உதிர்கிறது.

முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம் எனச் சிலர் கூறினர். ஆனால் அந்த அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ நெகிழி ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசிலேயே இளகத் தொடங்குவதால், வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்திருந்தால் தோள்பகுதி உருமாறி, குழாயில் இறுகி, பாராசூட் வெளிவராமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். கூம்பின் எடை கூடினால் ஈர்ப்பு மையம் முன்னே நகர்ந்து நிலைத்தன்மை பெருகும் என்பது உண்மையே. எனினும் பாராசூட் விரியும் நேரம் மோட்டாரில் முன்பே குறிக்கப்பட்டிருப்பதால், எட்டும் உயரம் குறைந்து, ராக்கெட் கீழ்நோக்கி விரையத் தொடங்கிய பிறகே பாராசூட் விரியும் நிலை வரக்கூடும். ஆகவே பால்சாவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

கடைசல் இயந்திரம் இல்லாமல், துளையிடும் கருவியில் பால்சாவைப் பொருத்திக் கடைந்தவர்கள் அதன் நடு அச்சு விலகாமல் எவ்வாறு பார்த்துக்கொண்டீர்கள்? தோள்பகுதிக்கு எவ்வளவு இடைவெளி விட்டீர்கள்? இதே குழாய்க்குரிய பழைய பால்சா கூம்பு சிதையாமல் வைத்திருப்பவர்கள், அதன் நீளம், தோள்நீளம், எடை ஆகியவற்றை அளந்து, அளவுகோலுடன் பக்கவாட்டுப் படம் ஒன்றும் அனுப்பினால் மிகவும் நன்றியுடையவனாவேன்.