அப்ரோடிசியாஸ் கல்வெட்டு பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

நண்பர்களே, ஒரு உதவி. துருக்கியில் அப்ரோடிசியாஸ் என்ற பழைய நகரத்தில் 1976இல் கிடைத்த கிரேக்கக் கல்வெட்டைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் யூதர்களின் பெயர்களோடு, 'தியோசெபெய்ஸ்', அதாவது கடவுளுக்கு அஞ்சுவோர் (யூதராகப் பிறக்காமல் யூத வழிபாட்டில் ஈடுபாடு காட்டியவர்கள்) என்று தனியாக சுமார் ஐம்பது பேரின் பெயர்கள் இருக்கின்றன, அவர்களில் ஒன்பது பேர் நகரசபை உறுப்பினர்கள்! பைபிளின் புதிய ஏற்பாட்டில், அப்போஸ்தலர் நடபடிகள் 13இல் பவுல் 'தேவனுக்குப் பயந்து நடக்கிறவர்களே' என்று அழைப்பது இப்படிப்பட்டவர்களைத்தானா? இதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. முதலில் கல்வெட்டை கி.பி. 3ஆம் நூற்றாண்டு என்றார்கள், அப்புறம் வந்த ஆய்வாளர்கள் 4, 5ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளுகிறார்கள், அப்படியானால் பவுல் வாழ்ந்த 1ஆம் நூற்றாண்டுக்கு இதைச் சான்றாகக் காட்டுவது சரியா? கிரேக்க மூலத்தைப் படித்தவர்கள், எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்கள்.