நாட்டுப்படகு நங்கூரமா பவளப்பாறையை உடைக்குது?

சம்பைக்காரன்:
நேத்து சீர்காழி இறால் பண்ணைக்காரர் ஒருத்தர் இங்க எழுதியிருந்தார்: "நாட்டுப்படகு நங்கூரம்தான் பவளப்பாறையை உடைக்குது. பவளத்தைக் காக்க ஒரு குழு வைக்கணும். மீனவரை அதுல சேர்க்காம, தொழில் நடத்துற நாங்க பணம் போட்டா காப்பாத்திடலாம்." படிச்சதுலேருந்து சோறு இறங்கல. எங்கப்பா மண்டபம் பக்கம் தங்கி மீன் பிடிக்கப் போனவர். கரையில தெரியுற பனையையும் கோபுரத்தையும் நேர் பிடிச்சு, பார், அதாவது கடலுக்கடியில கிடக்குற பாறை, எங்க இருக்குன்னு சொல்லிடுவார். பார் மேல வலை விழுந்தா கிழியும். நங்கூரம் விழுந்தா மாட்டிக்கும், கயித்தை அறுத்துட்டுத்தான் வரணும். காசு போட்டு வாங்குன நங்கூரத்தை எவன் கொண்டுபோய்ப் பாறை மேல போடுவான்?

சீர்காழிப் பண்ணை:
உங்கப்பாவைப் பத்தி நான் பேசல தம்பி. பாருல வாழுற கலவா மீனுக்குத் தூண்டில் போடுறவன் படகை எங்க நிறுத்துறான்? பாருலதானே? நங்கூரம் போடாம நிக்குமா?

திருத்துறைப்பூண்டி வாத்தியார்:
ரெண்டு பேரும் சூட்டை மறந்துட்டீங்க. 2010, 2016 கோடையில மன்னார் வளைகுடா பவளம் வெளுத்துச்சே, அது எந்த நங்கூரம்? தண்ணி வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கா அப்படியே இருந்தா, பவளத்துக்குள்ள இருக்குற நுண்பாசி வெளியேறிடும். பவளத்துக்குச் சோறு போடுறதே அந்தப் பாசிதான். சூட்டை நம்ம ஊர்ல உக்காந்து குறைக்க முடியாது. ஆனா சேறும் கழிவும், விசைப்படகு கடலடியில இழுக்குற இழுவைமடி வலையும் படாத பார் வெளுத்தாலும் தேறி வர வாய்ப்பு அதிகம். அதுக்குத்தான் தொழில்காரரும் மீனவரும் ஒண்ணா உக்காரணும்.

சம்பைக்காரன்:
வாத்தியார் சொல்றது சரி, நான் நங்கூரத்துக்கு வர்றேன். விசைப்படகு அடியை வழிச்சுக்கிட்டுப் போகுதே, அது ஏன் பண்ணைக்காரர் கண்ணுல படல? தூத்துக்குடிப் பக்கம் சல்லிக்கல்லை, அதாவது பவளக்கல்லை, வெட்டிச் சுண்ணாம்புக் காளவாசலுக்கு அனுப்பினாங்க. மன்னார் வளைகுடாவோட 21 தீவுல பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் தண்ணிக்குள்ள போச்சு. வாங்கிச் சுட்டது தொழில்காரன்.

சீர்காழிப் பண்ணை:
வெட்டி ஏத்தினது யாரு? கடலுக்குப் போற ஆளுங்கதானே? 2001-ல பவளத்தை வனவிலங்குச் சட்டத்துல கடுமையான பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணையில சேர்த்தப்புறமும் வெட்டினாங்க. தூண்டில் கேள்வி அப்படியே கிடக்கு.

நாகை விசைப்படகு:
எங்களை ஏன் இழுக்குறீங்க? ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை 61 நாள் படகைக் கட்டிப் போட்டுட்டு வட்டி கட்டுறோம். அப்பவும் நீங்க கடலுக்குப் போறீங்க. நாகைக்கு எதிர்ல பவளம் எங்க இருக்கு, காட்டுங்க.

சம்பைக்காரன்:
நாகைக்கு எதிர்ல இல்ல, நீங்க போற இடத்துல இருக்கு. 61 நாள் கட்டிட்டு 62-வது நாள் ரெண்டு படகு சேர்ந்து இழுக்குற ரெட்டைமடி வலையைத் தூக்கிட்டுப் போறது யாரு? எங்க தஞ்சாவூர்க் கரையில கடற்பசு மேயுற கடல்புல்லுதான். அதுக்காகத்தான் 2022-ல புதுக்கோட்டைக் கடலையும் சேர்த்து 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகமா அறிவிச்சாங்க. உங்க மடி அந்தப் புல்லையும் வேரோட வாருது. பண்ணைக்காரர் பணம் போடுறேங்கிறார். மண்டபத்துக்குத் தொழில்னு சொல்லிக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி, 2008-ல குருசடைத் தீவுல உயிரோட இருந்த பவளத்தை மூடிப் படர்ந்துச்சு. அது நாட்டுப்படகு நங்கூரமா?

கோடியக்கரை மருமகள்:
கடல்பாசி எடுக்க முங்குறது மண்டபம் பக்கத்துப் பொம்பளைங்க. பவளத்தைக் கிட்டத்துல பாக்குறது அவங்கதான். குழு குழுன்னு பேசுறீங்க, அதுல அவங்களுக்கு இடம் உண்டான்னு ஒருத்தரும் கேக்கல.

சம்பைக்காரன்:
அக்கா, அதையும் பேசுவோம். முதல்ல இந்த நங்கூரம் முடியட்டும். இறால் குட்டைத் தண்ணியால நாகைப் பக்கம் ஊர்க் கிணறு உப்பாகி, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பே வந்துச்சு. அந்தத் தொழில்லேருந்து வர்றவர் எங்களைக் குழுவை விட்டு ஒதுக்கணும்கிறார்!

சீர்காழிப் பண்ணை:
1996 கதை எதுக்கு? நான் முறைப்படி பதிவு பண்ணி நடத்துறேன். கலவாத் தூண்டிலுக்கு இன்னும் பதில் வரல.

சம்பைக்காரன்:
பார் ஓரத்து மணல்ல போடுவோம். பார் மேல இல்ல.

சீர்காழிப் பண்ணை:
இப்பதான் ஓரத்து மணல் வருது. மொதல்ல பார் பக்கமே போறதில்லன்னீங்க.

சம்பைக்காரன்:
போறதில்லன்னு எங்க எழுதினேன்? மேல போய்ப் படிங்க. பாறை மேல நங்கூரம் போடுறதில்லன்னுதான் எழுதியிருக்கேன்.