தையல் மெசின் கடை எப்படி ரீவிக் கடையானது?

கொக்குவில் பெடியன்:
அம்மம்மாவின் சிங்கர் மெசின் லாச்சிக்குள் தவணை அட்டை ஒன்று அகப்பட்டது. 1974ஆம் ஆண்டு. மாதக் கட்டங்களில் ஒரே ஆளின் கிறுக்கல் கையெழுத்து, கடைசி மூன்று கட்டம் மட்டும் வெறுமை. இப்போது அதே பெயருள்ள கடையில் ரீவி, பிறிட்ஜ், போன் எல்லாம் விற்கிறார்கள். இது எப்படி நடந்தது? கனடா மாமா, அங்கே இதைவிடப் பெரிய கடைகளே மூடப்பட்டுப் போய்விட்டன என்கிறார். அம்மம்மா கடைசிக் காசைக் கட்டாமல் விட்டாரோ என்றும் ஒரு யோசனை.

ரொறன்ரோ குளிர்:
மாமா சொல்வது சரி. இங்கே ரீவி, கொம்பியூட்டர் விற்ற பெரிய கடை ஃபியூச்சர் ஷொப்பை 2001இல் அமெரிக்காவின் பெஸ்ட் பை வாங்கியது. 2015 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை அந்தப் பெயரே போய்விட்டது. பாதிக் கடை மூடல், மீதி பெஸ்ட் பை. அமெரிக்காவில் அதே மாதிரிக் கடையான சேர்க்கிட் சிட்டி 2007இல் கூடுதல் சம்பளம் வாங்கிய 3,400 விற்பனையாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. சாமானைப் பற்றித் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2009 மார்ச்சோடு கடையும் முடிந்தது.

சைக்கிள் கொலெக்டர்:
தம்பி, 1973இலிருந்து பதினாலு வருசம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் தவணை வசூலித்தவன் நான். எந்தக் கொம்பனி என்பதை விடுங்கள், பென்சன் கதை வந்தால் எனக்குக் கோபம் வரும்.

சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877இல். அதற்கு முன்பே, 1856இல், அமெரிக்காவில் சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க் மெசினைத் தவணைக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். என்னைக் கேட்டால் விற்றது மெசினை இல்லை, தவணையைத்தான். எந்த வீடு ஒழுங்காகக் கட்டும் என்று தெரிந்துவிட்டால் அடுத்து அந்த வீட்டுக்கு எதையும் கொடுக்கலாம்.

எனக்கு ஒரு ஹம்பர் சைக்கிள், கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம். பிணைக்கு இரண்டு பேர், ஒருவராவது அரசாங்க உத்தியோகம். அப்போது வெங்காயம், மிளகாய் இறக்குமதிக்குத் தடை. தோட்டக்காரர் கையில் காசு புரண்டது, வாங்கத்தான் கடையில் சாமான் இல்லை. மாதாமாதம் வா என்பார் மானேஜர். வெங்காயம் கிண்டினால்தான் காசு என்பது அவருக்கு எங்கே தெரியும்? படலையில் நின்று கூப்பிட்டால் முதலில் நாய் வரும், பிறகு தேத்தண்ணி வரும், காசு அடுத்த மாதம்.

1977இல் இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். 1982இல் அரசாங்க ரீவியான ரூபவாஹினி தொடங்கியது. எங்கள் ஆட்கள் வாங்கிய ரீவிக்கு உயரமாகக் குழாய் நட்டு, அன்ரெனாவை இந்தியாப் பக்கம் திருப்பினார்கள். மெசின் கட்டி முடித்த அதே வீடுகள்தான். புது ஆளைத் தேடி நான் அலைந்ததே இல்லை.

1990இல் போரால் கரண்ட் போனது. ரீவி மேல் துணி போர்த்திவிட்டார்கள். பற்றறிக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். காலால் மிதிக்கிற மெசினுக்கு ஒன்றும் வேண்டாம், அது பாட்டுக்கு ஓடியது. 1995இல் ஊரோடு வெளிக்கிட்டபோது என் மனைவி பட்டியைக் கழற்றி, இரண்டு திருகாணியைத் தளர்த்தி, தலையை மட்டும் சாக்கில் கட்டிக் கரியரில் ஏற்றினாள். இரும்புக்கால் வீட்டோடு நின்றது. திரும்பி வந்தபோது கால் இருந்தது, கூரை இல்லை.

2002இல் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 றோட்டு திறந்ததும் லொறி லொறியாகச் சாமான் வந்தது. வெளிநாட்டிலிருந்த சிங்கர் தாய்க் கொம்பனி 1999இலேயே வங்குரோத்து. இங்கே உள்ள கொம்பனியை 2017இல் ஹேலீஸ் என்ற இலங்கைக் கொம்பனி வாங்கியது.

அந்த மூன்று கட்டத்துக்கு வருகிறேன். அட்டையின் பின்பக்கம் பார்த்தீர்களா? விளைச்சல் காசு மொத்தமாகக் கையில் வந்தால் சிலர் மீதியைக் கந்தோரில் ஒரேயடியாகக் கட்டிவிடுவார்கள். அப்படியானால் கட்டத்தில் நாங்கள் எழுதுவதில்லை, பின்னால் முத்திரை குத்துவோம்.

கொக்குவில் பெடியன்:
ஐயா, இப்போதுதான் திருப்பிப் பார்த்தேன். ஊதா மையில் வட்ட முத்திரை, பாதி அழிந்திருக்கிறது. உள்ளே “தீர்ந்தது” வாசிக்க முடிகிறது. அம்மாவிடம் காட்டினேன். அந்த வருசம் வெங்காயம் நல்ல விலை போனதாம், அவருக்கும் ஒரு சோடி செருப்பு கிடைத்ததாம்.

சைக்கிள் கொலெக்டர்:
கையெழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி. கிறுக்கல் என்றீர்கள், என்னுடையதாகவும் இருக்கலாம்.