ஐ.இ.பி.க்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

[மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு]

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்கப் பள்ளி ஒன்றின் பெற்றோர் கையேடு தமிழாக்கத்துக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சு. மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவருக்கும் எழுதும் 'இண்டிவிஜுவலைஸ்ட் எஜுகேஷன் புரோகிராம்' (ஐ.இ.பி.), அதை நடத்திக்கொண்டு போகும் 'கோஆர்டினேட்டர்', இந்த இரண்டுக்கும் சொல் வேண்டும்.

போன வருடம் 'தனிநபர் கல்வித் திட்டம்' என்று போட்டேன். கூட்டத்தில் பேச்சைப் பெயர்த்துச் சொல்லவும் நானே போயிருந்தேன். ஓர் அம்மா தலைப்பிலேயே விரலை வைத்து, "தனின்னா? பிள்ளையைத் தனியா வேற ரூம்ல உட்கார வைக்கப் போறாங்களா?" என்றார். அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டம் சொல்வதோ நேர்மாறு, முடிந்தவரை மற்றப் பிள்ளைகளோடுதான் படிக்க வேண்டும். அதை விளக்கியே அரைமணி போயிற்று. பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை முறை என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அந்தத் 'தனி' இன்னும் உறுத்துகிறது.

[தமிழாசிரியர், செவ்வாய் காலை]

அந்தத் தாய் கேட்டதில் பிழையே இல்லை அம்மா. தனிக்குடித்தனம், தனித்தேர்வர், தனிச்சிறை. 'தனி' எங்கே வந்தாலும் பிரிவுதான்.

புதுச்சொல் ஆக்கவே வேண்டாம், பவணந்தியார் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நன்னூல் இலக்கணத்தின் பொதுப்பாயிரத்தில் பாடம் சொல்லும் முறைக்கு 'கொள்வோன் கொள்வகை அறிந்து' என்கிறார். எப்படிச் சொன்னால் மாணவன் வாங்கிக்கொள்வான் என்று தெரிந்து சொல்ல வேண்டும். ஐ.இ.பி. வேறென்ன? ஆகவே 'கொள்வகைத் திட்டம்'. அதிலும் கொள்வகை வினைத்தொகை. கொண்ட வகை, கொள்கின்ற வகை, கொள்ளும் வகை என முக்காலமும் அடங்கும். பிள்ளை இதுவரை எட்டிய நிலை, இப்போதைய முன்னேற்றம், அடுத்த ஓராண்டுக்கான இலக்கு என்று அவர்கள் படிவமும் மூன்றைத்தானே கேட்கிறது!

[மென்பொருள்காரர், செவ்வாய்]

ஐயா, படிவத்தில் வினைத்தொகை கண்டவர் நீங்கள் ஒருவர்தான். ஆனால் பெற்றோர் கையில் நன்னூல் இருக்காதே. ஆசிரியர், தெரபிஸ்ட், அலுவலகம் எல்லாரும் 'ஐ.இ.பி.' என்கிறார்கள். அதையே தமிழில் எழுதி, பக்கத்தில் ஒருவரி விளக்கம் போட்டால் போதும். சொல் தெரியாமல் கூட்டத்தில் முழிப்பதைவிட அது மேல்.

[ஈழத்து வாசகர், செவ்வாய் இரவு]

ஐயா குறை நினைக்கக் கூடாது. எங்கட பக்கம் 'கொள்வனவு' எண்டால் சாமான் வாங்கிறது. 'கொள்வகைத் திட்டம்' எண்டு கண்டால் பள்ளிக்கூடத்துக்கு மேசை கதிரை வாங்கப் போகினம் எண்டுதான் நினைப்பினம்.

கோஆர்டினேட்டருக்கு நாங்கள் 'இணைப்பாளர்' எண்டு சொல்லுறது. நீங்கள் தமிழ்நாட்டில ஏன் 'ஒருங்கிணைப்பாளர்' எண்டு நீட்டுறியள்?

[சிறப்பாசிரியை, புதன் மதியம்]

இணைப்பாளருக்கு என் ஓட்டு. 'ஒருங்கிணைந்த கல்வி' ஏற்கெனவே வேறொன்றின் பெயர்: பிள்ளையைப் பொதுப்பள்ளியில் சேர்த்துவிட்டு அவனே பழகிக்கொள்ளட்டும் என்று விடுவது. பள்ளியே பிள்ளைக்காக மாறுவது 'உள்ளடக்கிய கல்வி'. இரண்டாவதற்காக ஓடுகிறவருக்கு முதலாவதன் பெயரைச் சூட்டலாமா?

அந்த ஓட்டம் எப்படிப்பட்டது என்றும் சொல்கிறேன். எல்லாருக்கும் ஒத்துவரும் தேதி பிடிக்க வேண்டும். வகுப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர் ஆளுக்கொரு அறிக்கை தருவார்கள். ஒன்றில் 'கவனம் குறைவு', இன்னொன்றில் 'காது சரியாகக் கேட்பதில்லை' என்றிருக்கும், இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். 'வாசிப்பு மேம்படும்' என்று யாராவது எழுதியிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். 'புதிய சொற்கள் பத்தில் எட்டை உதவியின்றி வாசிப்பான்' என்றால்தான் அது இலக்கு. தேர்வில் கூடுதல் நேரம் என்று திட்டத்தில் இருப்பது கணக்கு ஆசிரியருக்குத் தெரியுமா என்று போய்க் கேட்க வேண்டும். பெரும்பாலும் தெரியாது.

தமிழாசிரியர் ஐயாவுக்கு ஒன்று. அதே பொதுப்பாயிரம் யார்யாருக்குப் பாடம் சொல்லக் கூடாது என்றும் பட்டியல் போடுகிறது. அதில் 'பிணியன்' இருக்கிறான், 'மந்தன்' இருக்கிறான். போதாததற்குக் கடைமாணாக்கருக்கு இல்லிக்குடம் (ஓட்டைக்குடம்), எருமை என்று உவமை வேறு. எந்தப் பிள்ளைகளுக்காக இந்தத் திட்டமோ, அவர்களை வாசலிலேயே நிறுத்திய நூலிலிருந்தா பெயர் எடுப்பது?

[தமிழாசிரியர், புதன் இரவு]

நூலை முழுக்க ஏற்கச் சொல்லவில்லை அம்மா, சொல்லை எடுக்கச் சொன்னேன். ஆனாலும் 'மந்தன்' என்றதும் என்னிடம் பதில் இல்லை. முப்பது வருடம் அந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன். வகுப்பில் யார் முகமாவது வாடியதா என்று பார்த்ததில்லை.

'ஒருங்கு' போகட்டும், எனக்கும் சம்மதம். குறளில் 'வேண்டிய வெல்லாம் ஒருங்கு' என்று துறவதிகாரத்தில் வருகிறது, எல்லாவற்றையும் ஒருசேர விட்டுவிடச் சொல்லி. நம் இணைப்பாளரோ எதையும் விடக் கூடாதவர்.

[மென்பொருள்காரர், வியாழன்]

'பிள்ளைக்கேற்ற கல்வித் திட்டம்'? 'தனி'யும் இல்லை, நன்னூலும் இல்லை.

[சிறப்பாசிரியை, வியாழன்]

அம்மாக்களுக்கு உடனே புரியும். ஆனால் இந்தச் சட்டம் 3 வயதில் தொடங்கி 21 வரை போகிறது. 16 வயதுக்குள் படிப்புக்குப் பிறகு வேலை, வாழ்க்கை என்ன என்பதும் திட்டத்தில் ஏறியாக வேண்டும். மீசை முளைத்தவன் அந்தக் கூட்டத்தில் தானும் உட்கார்ந்திருப்பான். அவனைப் பிள்ளை என்பதா? இந்த ஆட்களை ஆயுசுக்கும் குழந்தையாக்குவதே பெரிய தொல்லை. 1975இல் வந்த சட்டத்தின் பெயரில் 'சில்ட்ரன்' இருந்தது. 1990இல் பெயரை மாற்றியபோது 'இண்டிவிஜுவல்ஸ்' ஆக்கினார்கள். 'மாணவர்க்கேற்ற' என்று போடுங்கள்.

[ஈழத்து வாசகர், வியாழன்]

'அவரவர்க்கேற்ற' எண்டால் இன்னும் வடிவு. 'மாணவர்க்கேற்ற' எண்டால் முழு வகுப்புக்கும் ஒரே திட்டம் மாதிரி எல்லோ கிடக்குது.

[மொழிபெயர்ப்பாளர், வெள்ளி அதிகாலை]

எல்லாருக்கும் நன்றி. ஈழத்து அண்ணன் சொன்னது நியாயம்தான், ஆனால் அந்தச் சொல்லை நாலு தடவை உரக்கப் படித்துப் பார்த்தேன், நாலு தடவையும் நாக்குச் சுளுக்கியது. 'மாணவர்க்கேற்ற கல்வித் திட்டம் (ஐ.இ.பி.)' என்றும் 'திட்ட இணைப்பாளர்' என்றும் போட்டு அனுப்பிவிட்டேன். அட்டைப்படம் இணைத்திருக்கிறேன்.

[தமிழாசிரியர், வெள்ளி காலை]

பார்த்தேன். 'கொள்வகை' இன்னும் என் மனத்தைவிட்டுப் போகவில்லை, அது கிடக்கட்டும். அட்டையில் 'கல்வி திட்டம்' என்றிருக்கிறது. ஒற்று எங்கே?