திரவத்துக்குள்ள காசிமிர் விசை: அழுத்தத்தை எங்கே விட்டீங்க?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருக்காரு: காசிமிர் விசையை, அதாவது ரொம்ப நெருக்கமா வெச்ச, மின்னூட்டம் இல்லாத தட்டுகளுக்கு நடுவுல மின்காந்தப் புலத்தோட ஏற்ற இறக்கத்தால வர்ற விசையைக் கணக்குப் போட, நடுவுல திரவம் இருந்தாலும் லோரன்ஸ் விசையை (மின்னூட்டத்து மேலயும் மின்னோட்டத்து மேலயும் புலம் போடுற விசை) மட்டும் கூட்டினா போதுமாம். படிச்சதுல இருந்து மனசே ஆறலை. திரவத்தோட அழுத்தம் எங்கேங்க? இயற்பியலாளர்கள் ஜியலோஷின்ஸ்கி, லிஃப்ஷிட்ஸ், பிட்டாயெவ்ஸ்கி மூணு பேரும் 1961லயே அதையும் சேர்த்துத்தான் போட்டாங்க.

சூரமங்கலத்தான்:
எழுதினது நான்தான், பேர் சொல்லியே கேட்டிருக்கலாம். 2005ல ராபேயும் வெல்ஷும் அப்படித்தான் ஆரம்பிச்சாங்க. அடிப்படை விதியில இருந்து வர்றது எப்படித் தப்பாகும்?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
2006ல பிட்டாயெவ்ஸ்கியே மறுத்து எழுதிட்டாரு. புலம் திரவத்தையும் இழுக்குது. திரவம் அசையாம நிக்கணும்னா அழுத்தம் ஏறி இறங்கி அதைச் சமன் பண்ணணும். அந்த அழுத்தம் தட்டு மேலயும்தானே படுது?

சூரமங்கலத்தான்:
அதுக்கு ராபே, வெல்ஷோட பதிலும் அதே வருஷம் வந்துச்சு. அதை மட்டும் வசதியா மறந்துடுவீங்க.

ஏற்காட்டுக்காரி:
ரெண்டு பேரும் விசைன்னு எதைச் சொல்றீங்க? மின்காந்தப் பங்கு மட்டுமா, கருவியில பதிவாகிற மொத்தமா? 2009ல மன்டே, கபாஸோ, பார்செகியன் தங்கம் பூசின உருண்டையையும் சிலிக்கா தட்டையும் புரோமோபென்சீனுக்குள்ள வெச்சு விலக்கு விசையையே அளந்தாங்க. திரவத்தோட விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு இசைஞ்சு கொடுக்குதுங்கிற அளவு) தங்கத்தோட அளவுக்கும் சிலிக்காவோட அளவுக்கும் இடையில இருந்ததாலதான் விலக்குச்சு.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
சரிம்மா. அழுத்தத்துக்கு பதில் வரலையே?

சேகோ பேக்டரி:
எங்க தொட்டியில கிழங்குப் பால் ராத்திரியெல்லாம் நின்னா, காலையில மாவு அடியில மண்வெட்டி போட்டு வெட்டுற அளவுக்கு இறுகிக் கிடக்கும். அதுவும் இந்த விசைதானுங்களா?

அஸ்தம்பட்டி வாத்தியார்:
மாவு மணி மைக்ரான் கணக்குல பெருசு, தன் எடையால படியுது. சம்பந்தமில்லாததைக் கொண்டு வராதீங்க.

சேகோ பேக்டரி:
படிஞ்ச பிறகு மணியும் மணியும் ஒட்டுறது எதனாலன்னுதான் கேட்டேன். வாத்தியாருன்னா கேள்வியே கேக்கக் கூடாதா?

சூரமங்கலத்தான்:
அவர் எப்பவும் அப்படித்தாங்க. போன கூட்டத்துல என்னைப் பாதிப் பேச்சுல உக்கார வெச்சாரு.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அன்னிக்கும் நீங்க அழுத்தத்தை விட்டுட்டீங்க, அதனாலதான். 1973ல சாபிஸ்கியும் ஆண்டர்சனும் ஃபுளூரைடு படிகத்து மேல, இதே மாதிரி விசையால ஒட்டி நிக்கிற திரவ ஹீலியப் படலத்தோட தடிமனை அளந்தாங்க. 1961 கணக்கோட நல்லாவே ஒத்துப்போச்சு. அழுத்தம் இல்லாம அந்தத் தடிமனை நீங்க வரவழைச்சுக் காட்டுங்க.

சூரமங்கலத்தான்:
மொதல்ல அந்தக் கூட்டத்துக்கு பதில் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி வாத்தியார்:
அழுத்தம் எங்கேங்க?