சாங்க்ட் ராடெகுண்ட் திருப்பயணம்: அருளாளர் யேகர்ஷ்டெட்டரின் கல்லறைக்கு எந்த மனநிலையோடு போவது?

கால்நடைப் பயணி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் முனிச் நகரில் ஒரு கத்தோலிக்கப் பங்கின் அமைதிக் குழுவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். படைக்கலன் ஏற்றுமதிக்கு எதிராகத் தெருவில் பதாகை பிடித்து நிற்பதும், மனச்சான்றின் பேரில் படைப்பணியை மறுக்கும் இளைஞர்களுக்கு மனு எழுத உதவுவதும் எங்கள் வேலை. வரும் ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. போரை மறுத்த, அல்லது போரிடத் துணிந்தவர்களை ஒப்புரவாக்கிய புனிதர்களின் திருத்தலங்களுக்கு மட்டும் செல்வது என்று தீர்மானித்து அசிசி, சுவிட்சர்லாந்தின் ரான்ஃப்ட், மேல் ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் ஆகிய மூன்றையும் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

யேகர்ஷ்டெட்டரின் ஊரும் கல்லறையும் உள்ள மூன்றாவது இடத்தை நினைக்கும்போதுதான் மனம் தடுமாறுகிறது. ஹிட்லரின் படையில் போரிட மறுத்ததற்காக 1943 ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்கில் தலை வெட்டப்பட்டபோது ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டருக்கு 36 வயது. வீட்டில் மனைவி பிரான்சிஸ்காவும் மூன்று பெண் குழந்தைகளும் இருந்தார்கள். மூத்தவளுக்கே ஆறு வயது நிறையவில்லை. எங்கள் குழுவில் உள்ள ஒரு தாய் சென்ற வாரம், "பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவரின் கல்லறையில் நின்று நான் எதை வேண்டுவது?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொண்டுதான் போக வேண்டுமா? சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆற்றங்கரை:

நான் மூன்று முறை சென்றிருக்கிறேன். கேள்வியோடு போங்கள், அங்கே அதை மறைத்து வைக்கத் தேவையில்லை. முதலில் கோவிலுக்குப் போகாமல், அவர்கள் வாழ்ந்த பண்ணை வீட்டிற்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த வீடு இப்போது நினைவில்லமாக இருக்கிறது. கோவில் சுவரோரம் உள்ள கல்லறையை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களுக்கு ஒரு மறைசாட்சி தெரிவார். வீட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் இருவர் தெரிவார்கள்.

சிறையில் இருந்த அவருக்கு வீட்டிலிருந்து அனுப்பப்பட்ட நிழற்படம் ஒன்று உண்டு. மூன்று சிறுமிகளும் வரிசையாக நிற்கிறார்கள். "அன்பு அப்பா, சீக்கிரம் வாருங்கள்" என்று எழுதிய அட்டை அவர்கள் கையில் இருக்கிறது. அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் தம் முடிவில் நிலைத்தார். பிள்ளைகளை மறந்து போனவர் என்று அவரைச் சொல்பவர்களிடம் நான் முதலில் இந்தப் படத்தைப் பற்றித்தான் சொல்வேன். மருத்துவப் பணியாளராகப் படையில் சேவை செய்ய ஆயத்தமாக இருப்பதாகவும் அவர் தெரிவித்தார். படை நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

பிரான்சிஸ்காவும் தொடக்கத்தில் கணவரின் மனத்தை மாற்ற முயன்றவர்தான். உறவினரும் ஊராரும் ஒருசேர அவரை எதிர்த்து வாதாடியதைக் கண்ட பிறகு, தாமும் கைவிட்டால் அவருக்கு ஒருவருமே இல்லாமல் போய்விடுவார்கள் என்று உணர்ந்து அவர் பக்கம் நின்றார். 1943 ஜூலையில் பங்குப் பணியாளரோடு பெர்லின் வரை பயணம் செய்து, இருபது நிமிடமே கணவரைப் பார்க்க முடிந்தது. போருக்குப் பிறகு, அவருடைய பக்திதான் கணவரைக் கெடுத்தது என்று ஊர் பழித்தது. போர் விதவைகளுக்கான உதவித்தொகையும் 1950 வரை மறுக்கப்பட்டது. கணவர் கோவில்பிள்ளையாக (ஆலயப் பணிகளைக் கவனிப்பவராக) இருந்த அதே ஆலயத்தில் பின்னாளில் அவரும் அந்தப் பணியைச் செய்தார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் கணவர் அருளாளராக உயர்த்தப்பட்டபோது, 94 வயதில் அவருடைய திருப்பண்டம் இருந்த பேழையை முத்தமிட்டுக் கொடுத்தவரும் அவரே. 2013இல், நூறு வயது நிறைந்த பின்னர் இறந்தார். உங்கள் குழுவின் தாயிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

வழி பற்றி: பர்க்ஹவுசென் வரை ரயிலில் வந்து, சல்சாக் ஆற்றைக் கடந்து நடந்தால் ஒரு காலைப்பொழுதில் சேர்ந்துவிடலாம். ஆகஸ்ட் 9 அன்றே செல்ல முடிந்தால் நல்லது. அவர் கொல்லப்பட்ட மாலை நான்கு மணியை நினைத்து அங்கே ஆண்டுதோறும் வழிபாடு நடக்கிறது.

எழுதுகோல்:

மேலே உள்ள பதிலை மதிக்கிறேன். ஆனால் கேள்வியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதே ஊரிலிருந்து சீருடை அணிந்து சென்று திரும்பாமற்போன தந்தையரும் பிள்ளைகளை விட்டுத்தான் போனார்கள். அவர்களை எவரும் அப்படிக் கேட்பதில்லை. கொன்றது அரசு. கொல்ல மறுத்தவரிடம் மட்டும் நாம் ஏன் கணக்குக் கேட்கிறோம்?

இன்னொன்றையும் மறக்கலாகாது. அவர் நேரில் சென்று ஆலோசனை கேட்ட லின்ஸ் ஆயர்கூட, குடும்பத்தை எண்ணிப் பார்க்கும்படியே அறிவுறுத்தினார். அதற்குப் பிறகும் தம் மனச்சான்றை விடாத ஒரு விவசாயியைப் பற்றி, 1960களில் அமெரிக்க சமூகவியலாளர் கார்டன் சான் நூல் எழுதிய பிறகே உலகம் அறிந்தது. முன்னாள் பம்பாய்ப் பேராயர் தாமஸ் ராபர்ட்ஸ் அவருடைய சான்றை உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டங்கள் மனிதநேயத்தோடு இடமளிக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் வெளியிட்ட "இன்றைய உலகில் திருச்சபை" ஏட்டின் 79ஆம் எண் கூறுகிறது. நீங்கள் இளைஞர்களுக்கு எழுதித் தரும் ஒவ்வொரு மனுவிலும் அந்த விவசாயியின் பங்கு இருக்கிறது.

சூரிச் வாசி:

ரான்ஃப்ட் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வி அங்கும் காத்திருக்கிறது. படைவீரராகவும் விவசாயியாகவும் இருந்த ஃப்ளூவே நிக்கோலாஸ் 1467இல் மனைவி டொரோத்தேயாவையும் பத்துப் பிள்ளைகளையும் விட்டு ரான்ஃப்ட் பள்ளத்தாக்கில் துறவியானார். கடைசிக் குழந்தை அப்போது கைக்குழந்தை. 1481இல் ஸ்டான்ஸ் நகரில் சுவிஸ் மாநிலங்கள் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றபோது, அவர் சொல்லியனுப்பிய ஆலோசனையால் உடன்பாடு ஏற்பட்டது. 1947இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நான் வியந்தது தூரத்தைக் கண்டுதான். வீட்டுப் பக்கத்திலிருந்து பள்ளத்தாக்கிற்குள் செங்குத்தாக இறங்கும் பாதையில் சில நிமிடங்களிலேயே அவருடைய குடிலை அடைந்துவிடலாம். அத்தனை அருகில் இருந்துகொண்டு இருவரும் இருபது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். டொரோத்தேயாவின் இசைவு இல்லாமல் அவர் புறப்படவில்லை என்பதை இங்குள்ளவர்கள் அழுத்திச் சொல்கிறார்கள். போருக்குப் பயந்து ஊரைவிட்டு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு அந்தப் பாதையில் மெல்ல ஏறித் திரும்புவது ஆறுதலாக இருக்கிறது. கல்லறை கீழே சாக்செல்ன் ஆலயத்தில் உள்ளது; அதையும் பாருங்கள்.

கால்நடைப் பயணி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எழுதுகோல் எழுப்பிய கேள்வியை இரண்டு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அது சரி என்றே படுகிறது, ஆனாலும் அந்தத் தாயிடம் அதைச் சொல்லி அவருடைய வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் அட்டை பிடித்து நிற்கும் சிறுமிகளைப் பற்றியும் பிரான்சிஸ்காவைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாமும் வருவதாகச் சொன்னார்.

ஆகவே பயணத்தை மாற்றியிருக்கிறேன். பெருகியாவோடு நடந்த போரில் சிறைப்பட்டும், பிறகு 1219இல் சிலுவைப்போரின் நடுவே தாமியேத்தா அருகில் எகிப்தியச் சுல்தானை ஆயுதமின்றிச் சந்தித்தும் வாழ்ந்த பிரான்சிஸின் அசிசி அடுத்த ஆண்டுக்குப் போகிறது. யேகர்ஷ்டெட்டரும் பிரான்சிஸின் மூன்றாம் சபையை, அதாவது பொதுநிலையினருக்கான சபையை, சேர்ந்தவர் என்பதால், அவசரமாக அங்கே ஓடிவிட்டு வர விருப்பமில்லை. முதலில் ரான்ஃப்ட். பிறகு ஆகஸ்ட் 9 காலையில் பர்க்ஹவுசெனிலிருந்து நாங்கள் இருவரும் நடக்கத் தொடங்குகிறோம். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்தப் பாதை ஒத்துவருமா என்று ஆற்றங்கரை ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும்.